மூலையில் செத்த கற்களும் மூன்றரைப் புள்ளியும்: கொழும்பில் ஒருநாள் கோ போட்டி

கறுப்பு, வெள்ளைக் கற்களை வைத்து ஆடும் கோ என்ற பலகை ஆட்டத்தை எப்படித் தொடங்குவது என்பதை ஒரு பிளேன்ரீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிக்கொடுத்துவிடலாம். அது எப்போது முடிகிறது, முடிந்ததும் எப்படி எண்ணுவது என்பதுதான் புதிதாக வருகிறவர்களைத் திணறடிக்கும். வெள்ளவத்தையில் ஒரு சிறிய கழகம் ஞாயிற்றுக்கிழமையொன்றில் நடத்திய ஒருநாள் போட்டிக்குப் போயிருந்தேன். இரண்டாம் சுற்றில் ஒரு மேசையில் எழுந்த பிணக்கு இதை அப்படியே எடுத்துக்காட்டியது. யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. இருவருமே தாங்கள் பழகிய முறைப்படி சரியாகத்தான் நடந்தார்கள். ஆனாலும் ஒரு பிள்ளையின் வெற்றி கைநழுவப் பார்த்தது. புதியவர்களை வைத்துப் போட்டி நடத்த நினைக்கும் எவருக்கும் உதவும் என்பதால் அதை விரிவாக எழுதிவைக்கிறேன்.

இடமும் ஏற்பாடும்

காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மாடியில் இருந்த ஒரு மண்டபம். யன்னலைத் திறந்தால் கடற்காற்று. கூடவே, கரையோரப் பாதையில் ரயில் போகும்போதெல்லாம் ஒரு நிமிடம் எதுவும் காதில் விழாது. வந்தவர்கள் இருபது பேருக்குக் கிட்ட. பாதிக்கு மேல் தமிழ் பேசுகிறவர்கள், மற்றவர்கள் சிங்களம் பேசுகிறவர்கள். ஏ.எல். படிக்கிற பிள்ளைகள், மென்பொருள் வேலை செய்கிற இளைஞர்கள், ஓய்வுபெற்ற இரண்டு மூன்று பேர். அறிவிப்புகள் தமிழிலும் சிங்களத்திலும் சொல்லப்பட்டன. பலகைக்கு முன்னால் உட்கார்ந்தபிறகு பேச்சே தேவைப்படவில்லை.

பலகைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மரப்பலகை இரண்டுதான் இருந்தது. மற்றவை எல்லாம் விளம்பரப் பதாகை அச்சிடுகிற கடையில் பிளெக்ஸ் துணியில் அடித்தவை. செலவு குறைவு, சுருட்டிப் பையில் வைக்கலாம், நல்ல யோசனை. ஆனால் கட்டங்களைச் சரிசதுரமாக அடித்துவிட்டார்கள். மரபான ஜப்பானியப் பலகையில் கட்டம் சதுரம் அல்ல. அகலவாட்டில் ஏறக்குறைய 22 மில்லிமீற்றர், ஆட்டக்காரரிடமிருந்து எதிராளியை நோக்கிய நீளவாட்டில் 23.7 மில்லிமீற்றர். உட்கார்ந்து சரிவாகப் பார்க்கும் கண்ணுக்கு அப்போதுதான் சதுரமாகத் தெரியும். கற்களிலும் இப்படி ஒரு நுணுக்கம் உண்டு. கறுப்புக் கல் வெள்ளையைவிட ஒரு மயிரிழை பெரிது, ஏனென்றால் ஒரே அளவில் செய்தால் வெள்ளை பெரிதாகத் தோன்றும். பிளெக்ஸ் பலகையில் முன்வரிசைக் கற்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றதற்குக் காரணம் அந்தச் சரிசதுரக் கட்டம்தான். அடுத்த தடவை அச்சுக்குக் கொடுக்கும்போது அந்த 1.7 மில்லிமீற்றரைச் சேர்த்துவிட்டால் போதும்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 19 கோடும் 19 கோடும் வெட்டும் 361 சந்திகளில், கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி ஒவ்வொரு கல்லாக வைப்பார்கள். வைத்த கல் நகராது. ஒரு கல்லை, அல்லது சேர்ந்து நிற்கும் கல்கூட்டத்தை, ஒட்டியிருக்கும் வெற்றுச் சந்திகள் அதன் மூச்சு. மூச்சு முழுவதும் அடைபட்டால் கல் பிடிபடும். உள்ளே இரண்டு தனித்தனிக் கண்களை, அதாவது தன் கற்களே சூழ்ந்த வெற்றிடங்களை, வைத்திருக்கும் கூட்டத்தைப் பிடிக்கவே முடியாது. கடைசியில் அதிக நிலத்தை வளைத்தவர் வெல்வார். நாயும் புலியும் விளையாடி வளர்ந்தவர்களுக்கு, வளைத்து மூச்சை அடைப்பது என்பது உடனே பிடிபட்டுவிடும். அங்கே வளைப்பதுதான் முடிவு. இங்கேயோ வளைத்ததற்குப் பிறகு எண்ணிக்கை இருக்கிறது.

தரம் பிரிப்பதில் ஏற்பாட்டாளர்கள் கவனமாக இருந்தார்கள். கற்றுக்கொள்கிறவர்களின் தரம் கியூவில் எண்ணப்படும். எண் குறையக் குறையப் பலம் கூடும். 1 கியூவைத் தாண்டினால் டான். ஒரு தரத்துக்கு ஒரு கல் என்று கணக்கு. 12 கியூ ஆள் 8 கியூ ஆளுடன் ஆடினால் நான்கு கறுப்புக் கற்களை முன்கூட்டியே பலகையில் வைத்துத் தொடங்கலாம். இந்த ஹண்டிகப் இருப்பதால்தான் பாட்டனும் பேரனும் ஒரே மேசையில் உண்மையாகவே போட்டியிட முடிகிறது. சதுரங்கத்தில் இவ்வளவு நுணுக்கமாகச் சமப்படுத்த வழியில்லை. சோடி சேர்த்தது மக்மேன் முறையில். ஒவ்வொருவரும் தன் தரத்துக்கேற்ற தொடக்கப் புள்ளியுடன் வருவார், ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு புள்ளி கூடும், கிட்டத்தட்ட ஒரே புள்ளியில் நிற்பவர்கள் மோதுவார்கள். ஐரோப்பியப் போட்டிகளில் பரவலாக உள்ள முறை இது. ஒரே நாளில் எல்லோருக்கும் தகுந்த எதிராளி கிடைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் சுற்று

மேசையின் ஒரு பக்கம் ஓய்வுபெற்ற ஒரு கணக்காளர், 8 கியூ, வெள்ளை. மறுபக்கம் ஓ.எல். எழுதவிருக்கும் ஒரு பிள்ளை, 12 கியூ, கறுப்பு, நான்கு கல் ஹண்டிகப். நான்கு மூலைகளிலும் நட்சத்திரப் புள்ளியில், அதாவது பலகையில் புள்ளியிட்டுக் குறித்த சந்தியில், கறுப்புக் கல்.

பெரியவர் ஆரம்பத்திலேயே வலது கீழ் மூலையில், நட்சத்திரக் கல்லுக்கு அடியில் உள்ள மூன்றுக்கு மூன்று புள்ளியில், அதாவது இரண்டு ஓரங்களிலிருந்தும் மூன்றாம் கோடுகள் வெட்டும் சந்தியில், நுழைந்தார். முன்பெல்லாம் இப்படி ஆரம்பத்திலேயே நுழைவது அவசரக்குடுக்கைத்தனம் என்பார்கள். வெளிப்பக்கத்தை எதிராளிக்குத் தூக்கிக் கொடுத்ததாகும் என்பது பழைய ஆசிரியர்களின் எண்ணம். 2016 மார்ச்சில் தென்கொரியத் தலைநகர் சோலில் அல்பாகோ என்ற கணினி நிரல், அந்நாட்டின் முன்னணி ஆட்டக்காரர் லீ செடோலை நான்குக்கு ஒன்று என்று வென்றது. அதற்கு அடுத்த ஆண்டு அதன் புதிய வடிவங்கள் இந்த நுழைவைத் திரும்பத் திரும்ப ஆடிக்காட்டின. அதன்பிறகு உலகம் முழுவதும் அது சாதாரணமாகிவிட்டது. கொழும்பில் ஒரு மாடி மண்டபத்திலும் அது வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் பிள்ளை நன்றாகப் படித்துக்கொண்டு வந்திருந்தாள். வெளியேற விடாமல் அடைத்தாள். வெள்ளைக்கு உள்ளே மிஞ்சியது ஐந்து சந்தி கொண்ட ஓர் இடம்: ஒரு சிறு சதுரமாக நான்கு, அதில் ஒன்றை ஒட்டி வெளியே தள்ளிக்கொண்டு இன்னொன்று. இந்த வடிவத்துக்கு ஒரு உயிர்ப்புள்ளி உண்டு. மற்றச் சந்திகளில் மூன்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் சந்தி அது. வெள்ளை அங்கே வைத்தால் இரண்டு கண் கிடைத்துக் கூட்டம் பிழைக்கும். கறுப்பு வைத்தால் கூட்டம் செத்தது, அதாவது பலகையில் நின்றாலும் இனித் தப்ப வழியில்லாததால் கடைசியில் பிடிபட்டதாகவே எண்ணப்படும். அவள் கொஞ்ச நேரம் கன்னத்தில் கைவைத்து யோசித்துவிட்டு, சரியாக அந்தப் புள்ளியில் கல்லை வைத்தாள். பக்கத்தில் நின்று பார்த்த எனக்கு மனம் நிறைந்துவிட்டது. 12 கியூவில் அதைக் காண்பது எளிதல்ல.

ஆட்டம் முடிந்து இருவரும் விட்டுக்கொடுத்தார்கள், அதாவது இனி வைக்க ஒன்றுமில்லை என்று அடுத்தடுத்துச் சொன்னார்கள். அவள் மூலையில் கிடந்த வெள்ளைக் கற்களை எடுக்கக் கையை நீட்டினாள்.

“பொறும் பிள்ளை, உது இன்னும் பிடிபடேல்லையே. செத்தது எண்டா பிடிச்சுக் காட்டும் பாப்பம்.”

“அது செத்துட்டு அங்கிள். நான் ஏன் வைக்கோணும்? வைச்சா என்ர புள்ளி குறையும்.”

“வைச்சா ஏன் குறையும்? குறையாதே.”

அவள் முகம் மாறிவிட்டது. நியாயம் தன் பக்கம் என்று தெரிகிறது, அதை வயதில் மூத்தவரிடம் எப்படி நிறுவுவது என்று தெரியவில்லை. கை இன்னும் கல்டப்பாவின் மூடியிலேயே இருந்தது.

இருவரும் எப்படிச் சரி?

எண்ணுவதற்கு உலகில் இரண்டு பெரிய முறைகள் உண்டு. ஜப்பானிய முறையில் நிலத்தை எண்ணுவார்கள்: நீங்கள் வளைத்த வெற்றுச் சந்திகள், அவற்றோடு நீங்கள் பிடித்த கற்கள். சீன முறையில் பரப்பை எண்ணுவார்கள்: நீங்கள் வளைத்த வெற்றுச் சந்திகள், அவற்றோடு பலகையில் உயிரோடு நிற்கும் உங்கள் கற்கள். பெரும்பாலான ஆட்டங்களில் இரண்டிலும் வெல்பவர் ஒருவரே. வேறுபாடு தெரிவது, ஆட்டம் முடிந்தபிறகு சொந்த நிலத்துக்குள் கல் வைக்கும்போதுதான். பரப்பு முறையில் ஒரு வெற்றுச் சந்தி போய் ஒரு கல் வருகிறது, கணக்கு மாறாது. நில முறையிலோ ஒரு வெற்றுச் சந்தி போனால் ஒரு புள்ளி போனதுதான்.

இப்போது அந்த மூலைக்கு வருவோம். வெள்ளைக் கூட்டத்துக்கு வெளிமூச்சு எல்லாம் அடைபட்டிருந்தது. உள்ளே ஐந்து சந்தி, ஒன்றில் ஏற்கனவே கறுப்புக் கல். பெரியவர் கேட்டபடி அதை உண்மையாகவே பிடித்துக்காட்ட வேண்டுமானால் கறுப்பு இன்னும் நான்கு கல் வைக்க வேண்டும். வெள்ளை ஒவ்வொரு தடவையும் பேசாமல் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தால், நில முறையில் அவளுக்கு நான்கு புள்ளி நட்டம். அவள் முன்னணியில் நின்றதோ மூன்றரைப் புள்ளியில். அதாவது, சரியாகக் கொன்ற கூட்டத்தைக் கொன்றேன் என்று நிறுவப்போய் அரைப் புள்ளியில் தோற்றிருப்பாள்.

பிறகு பெரியவரோடு பேசியபோது விடயம் தெளிவானது. அவர் விளையாட்டைப் பழகியது கைத்தொலைபேசியில், கணினியோடு. அந்தச் செயலி பரப்பு முறையில் எண்ணுகிறது. அங்கே “பிடித்துக் காட்டு” என்று கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை, கேட்கப்பட்டவருக்கு ஒரு புள்ளியும் குறையாது. பிள்ளை பழகியது கழகத்தில், நில முறையில். அங்கே செத்த கூட்டத்தைப் பிடிக்க மேலும் கல் வைக்காமல் விடுவதுதான் ஒழுங்கு. போட்டித் தாளில் “ஜப்பானிய எண்ணிக்கை” என்று ஒரு வரி இருந்தது. பிணக்கு வந்தால் என்ன செய்வது என்று ஒரு சொல்லும் இல்லை. பிழை அந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது, அந்த மேசையில் இருந்த இருவரிடமும் இல்லை.

நடுவர் செய்தது

சிறிய கழகங்களில் நடுவரும் ஆட்டக்காரராகவே இருப்பார். அன்றும் அப்படித்தான். அவர் தன் மேசையில் நேரத்தை நிறுத்திவிட்டு வர வேண்டியிருந்தது. வந்தவர் முதலில் யார் சரி என்று சொல்லவில்லை. கைத்தொலைபேசியை எடுத்துப் பலகையை மேலிருந்து படம் பிடித்தார். பிறகு, “ரெண்டு பேரும் இதை இப்ப ஆடிப் பாருங்கோ. கணக்கில சேராது. பாத்து முடிஞ்சதும் படத்தைப் பாத்து அப்படியே திருப்பி வைப்பம்,” என்றார்.

இது அவர் கண்டுபிடித்த தந்திரம் அல்ல. ஜப்பானில் 1989-இல் வகுக்கப்பட்ட விதிகளின் சாரமே இதுதான்: உயிரா சாவா என்பதை ஆடிப் பார்த்து உறுதிசெய்யலாம், ஆனால் எண்ணுவது ஆட்டம் நின்ற நிலையை வைத்துத்தான். பெரியவர் மூலையில் என்ன வைத்தாலும் பிழைக்கவில்லை. இரண்டு மூன்று வழிகளை ஆடிப் பார்த்துவிட்டு அவரே தலையசைத்தார். “சரி பிள்ளை, செத்துத்தான் கிடக்கு.” படத்தைப் பார்த்துக் கற்களைத் திருப்பி வைத்தார்கள். எண்ணினார்கள். கறுப்பு மூன்றரைப் புள்ளியில் வெற்றி.

கற்களைத் திருப்பி வைப்பது என்றதும் எனக்கு 1945 ஓகஸ்ட் 6 நினைவுக்கு வருகிறது. ஜப்பானின் பெரிய கோ பட்டங்களில் ஒன்றான ஹொனின்போவுக்காக ஹஷிமொட்டோ உதாரோவும் இவமொட்டோ கவோருவும் ஹிரோஷிமாவின் புறநகரில் ஓர் ஆட்டத்தின் மூன்றாம் நாளில் இருந்தார்கள். அணுகுண்டின் அதிர்வில் கட்டடம் சேதமடைந்தது, பலகையில் இருந்த கற்கள் சிதறின. அவர்கள் அந்த நிலையை மீண்டும் வைத்து அன்றே ஆட்டத்தை முடித்தார்கள், ஹஷிமொட்டோ ஐந்து புள்ளியில் வென்றார். அவர்களிடம் படம் இல்லை. நல்ல ஆட்டக்காரருக்கு ஒவ்வொரு கல்லும் ஒரு காரணத்தோடு நிற்பதால் முழு ஆட்டமும் மனத்தில் இருக்கும். 12 கியூவிடம் அதை எதிர்பார்க்க முடியாது, ஆகவே படம் எடுத்தது மிகச் சரியான வேலை.

தீர்ப்பு சரி. ஆனாலும் அதற்குப் போன நேரமும், அது முடியும்வரை அந்தப் பிள்ளை இருந்த பதற்றமும் தவிர்க்கக்கூடியவை. மேசையைச் சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். பின்வரிசைக் கதிரையில் இருந்த அவளுடைய தாய் என்னிடம், “இப்ப ஆர் வெண்டது?” என்று கேட்டார். பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குக் கூட யார் முன்னணி என்று தெரியாத விளையாட்டில் முடிவு மர்மமாகவே இருந்தால், ஒரு தாய் அடுத்த தடவை ஞாயிறு ரியூசனை விட்டுவிட்டுப் பிள்ளையைக் கூட்டிவருவாரா என்பது சந்தேகம்தான்.

மதியத்துக்குப் பிறகு

சோத்துப் பார்சலைப் பிரித்துக்கொண்டே ஏற்பாட்டாளர்கள் இதைப் பேசினார்கள். முதலில் வந்த யோசனை, முழுவதுமாகப் பரப்பு முறைக்கு மாறுவது. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பரப்பு முறையில் ஹண்டிகப் கற்களும் புள்ளியாக எண்ணப்படும், ஆகவே வெள்ளைக்கு ஈடு கொடுக்க வேண்டும். சீன விதியில் ஹண்டிகப் கல் எத்தனையோ அத்தனை புள்ளி, அமெரிக்க விதியில் அதில் ஒன்று குறைய. பாதிப் போட்டியில் இதை எல்லோருக்கும் இரண்டு மொழியில் விளக்குவது நடக்கிற காரியம் அல்ல.

கடைசியில் எடுத்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்க விதியில் உள்ளது அது: விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் எதிராளிக்கு ஒரு கல்லைக் கொடுக்க வேண்டும், அது பிடிபட்ட கல்லாக எண்ணப்படும், கடைசியாக விட்டுக்கொடுப்பவர் வெள்ளையாக இருக்க வேண்டும். அந்த மூலைக் கணக்கை இதில் போட்டுப் பாருங்கள். கறுப்பு உள்ளே நான்கு கல் வைக்கிறாள், நான்கு புள்ளி குறைகிறது. வெள்ளை நான்கு தடவை விட்டுக்கொடுக்கிறார், நான்கு கல் அவளிடம் வருகிறது. கூட்டிக்கழித்தால் ஒன்றுமில்லை. “பிடித்துக் காட்டு” என்றால் தாராளமாகப் பிடித்துக் காட்டலாம், நடுவரைக் கூப்பிடவே தேவையில்லை. நிலத்தை எண்ணும் பழக்கத்தையும் விடவேண்டியதில்லை, ஹண்டிகப்புக்குத் தனிக் கணக்கும் வேண்டியதில்லை. மூன்றாம் சுற்றில் இரண்டு மேசைகளில் அதே மாதிரிச் சந்தேகம் வந்தது. இரண்டும் சத்தமில்லாமல் தீர்ந்தன.

தீராமல் நின்றது நேரம். ஆளுக்கு 30 நிமிடம், அது முடிந்தால் மூன்று தடவை 30 விநாடி என்று வைத்திருந்தார்கள். பார்க்கச் சிறியதாகத் தெரியும். ஆனால் அந்த 30 விநாடிக்குள் கல்லை வைத்துவிட்டால் அது செலவாகாது, அடுத்த கல்லுக்கும் அதே 30 விநாடி கிடைக்கும். ஓர் ஆட்டம் 250 கல் போனால் ஆளுக்கு 125. முதல் 50 கல்லில் அரைமணி தீர்ந்தால், மீதி 75 கல்லுக்கு 37 நிமிடத்துக்கு மேல் எடுக்கலாம். இருவருக்கும் சேர்த்து இரண்டே கால் மணித்தியாலம். சுற்றுக்கு ஒதுக்கியதோ ஒன்றரை. இதனால் மூன்றாம் சுற்று பிந்தியது, பின்னேர ரியூசனுக்குப் போகவேண்டிய பிள்ளைகள் நான்காம் சுற்றுக்கு நிற்கவில்லை, சோடிகள் குழம்பி ஒருவருக்கு ஆட்டமே கிடைக்கவில்லை. 20 நிமிடமும் ஒவ்வொரு கல்லுக்கும் 10 விநாடி கூட்டலும் என்று வைத்திருந்தால், அதே 250 கல் ஆட்டம் எப்படிப் போனாலும் ஏறக்குறைய 82 நிமிடத்தில் முடிந்திருக்கும். கைத்தொலைபேசி மணிக்கூட்டுச் செயலிகளில் இந்த வசதி இருக்கிறது.

அந்தப் பிள்ளை மூன்றாம் சுற்றையும் ஆடிவிட்டுத்தான் போனாள். அதற்கு முன் பெரியவர் அவளைக் கூப்பிட்டு, மூலையைத் திரும்ப வைத்து, தான் முதலிலேயே உயிர்ப்புள்ளியில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று காட்டினார். அவள் இல்லை என்று வேறொரு இடத்தைக் காட்டினாள். இருவரும் கொஞ்ச நேரம் அதையே மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள்.

அடுத்த போட்டிக்கான தாளில் என்ன இருக்க வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் என்னிடமும் கேட்டார்கள். விட்டுக்கொடுத்தால் ஒரு கல் கொடுக்கும் விதியை முதல் வரியாகப் போடச் சொன்னேன். முதல் சுற்றுக்கு முன்னால் ஒரு பலகையில் முடிந்த ஆட்டமொன்றை வைத்து, செத்த கூட்டம் ஒன்றைக் காட்டி, எல்லோர் முன்னாலும் எண்ணிக்காட்டச் சொன்னேன். பதினைந்து நிமிடம் போதும், பெற்றோரும் பார்க்கட்டும். 15 கியூவுக்குக் கீழே உள்ளவர்களை 13-க்கு 13 பலகையில் தனிப் பிரிவாக ஆடவிடலாம் என்பதில் அவர்களுக்குள் இன்னும் உடன்பாடில்லை. பெரிய பலகையில் ஆடத்தானே வருகிறார்கள் என்று ஒருவர் சொன்னார். எனக்கு அந்தச் சின்னப் பலகைதான் சரி என்று படுகிறது, ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம் ஆடி இரண்டு தடவை எண்ணிப் பழகலாம்.